பழைய லோரியில் புதுச் சத்தம்



"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த பழமொழி. யானைக்குப் பொருந்தும் இந்தப் பேச்சு லோரிக்கும் அப்படியே பொருந்தும். எந்த லோரியும் ஒரே நாளில் திடீரென்று படுத்துவிடுவதில்லை. படுப்பதற்கு முன்னால் அது பல நாள் சத்தம் போடுகிறது. அந்த மணியோசையைக் கேட்டவர்கள் தப்பித்துக் கொள்கிறார்கள். கேட்காதவர்கள் நடுவழியில் நிற்கிறார்கள். சில வேளைகளில் அதைவிட மோசமானதும் நடந்து விடுகிறது.

பினாங்கில் லோரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். 1985ஆம் ஆண்டு முதல் பாலம் திறக்கப்படும் வரை பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு வரும் ஒவ்வொரு லோரியும் பெரியில்தான் ஏறி வந்தது. கடலைக் கடக்கும் அந்த நேரம் என்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் ஓய்வாக இருந்தது. பாலம் வந்த பிறகு அந்த ஓய்வு போய்விட்டது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலம், 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம், தீவுக்குள் வந்ததும் ஆயர் ஈத்தாம் மேடு, பாலிக் புலாவுக்கு ஏறி இறங்கும் துன் சார்டோன் மலைச்சாலை என்று பாரத்தோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து வருடமான ஒரு லோரிக்கு இது சாதாரண வேலை இல்லை. அப்படிப்பட்ட லோரியில் ஒரு நாள் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

இரண்டு தவறான வழிகள்

எடுத்துக்காட்டுக்கு ஒரு லோரியை எடுத்துக் கொள்வோம். ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின். பழைய முறைப்படி மெக்கானிக்கல் பம்ப் வைத்தது. பிறையில் சிமெண்டு ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து பாலிக் புலாவ் வரை போகிறது. உரிமையாளருக்கு இருப்பது அந்த ஒரு லோரிதான். ஒரு நாள் ஓட்டுநர் வந்து, "முதலாளி, என்ஜின்ல டொக் டொக்னு ஒரு சத்தம் வருது" என்கிறார்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் இரண்டில் ஒரு வழியில் போய் விடுகிறார்கள். ஒன்று, "பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும், ஓட்டுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த லோடுக்கு அனுப்பி விடுவது. மற்றொன்று, பயந்து போய் பட்டறையில் விட்டு, "என்ஜினைப் பிரிச்சிப் பாத்துருங்க" என்று சொல்லி விடுவது. முதல் வழியில் உயிருக்கு ஆபத்து. இரண்டாவது வழியில் பணத்துக்கு ஆபத்து. என்ஜினை முழுக்கப் பிரித்து ஓவர்ஹால் செய்வதென்றால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவு. அதோடு, பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லை, கடன் தவணை மட்டும் உண்டு. இத்தனைக்கும் பிறகு லோரியைப் பூட்டி வெளியே எடுக்கும்போது அதே டொக் டொக் சத்தம் மறுபடியும் கேட்டால் அந்த உரிமையாளரின் நிலை என்ன? பட்டறைகளில் இது நடக்காத கதை இல்லை.

காரணம் எளிமையானது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து கொள்வதற்கு முன்னாலேயே ஸ்பானரை எடுத்து விடுகிறார்கள்.

டாக்டர் கேட்கும் கேள்விகள்

உடம்புக்கு முடியவில்லை என்று போனால் நல்ல டாக்டர் முதலில் கத்தியை எடுப்பதில்லை. எப்போதிலிருந்து, எங்கே, எப்படி என்று கேட்கிறார். பிறகு நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கிறார். அந்தக் குழாய் பிறந்ததே 1816ஆம் ஆண்டில்தான். பாரிஸ் நகரத்து மருத்துவர் லெய்னெக், ஒரு பெண்மணியின் இதயத் துடிப்பைக் கேட்பதற்காகக் காகிதத்தைச் சுருட்டிக் குழல் போல வைத்துப் பார்த்தார். காதை நேராக வைப்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப்புக்கு அதுதான் ஆரம்பம்.

நம் ஊரில் 'போர்மன்' என்று அழைக்கப்படும் மெக்கானிக்குகள் இந்த வித்தையைத் தங்கள் வழியில் செய்து வருகிறார்கள். நீளமான திருப்புளியின் முனையை என்ஜினில் ஓரிடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரத்தில் வைத்துக் கேட்பார்கள். இரும்பின் வழியாகச் சத்தம் நேரே காதுக்கு வரும். ஒவ்வோர் இடமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால், சத்தம் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று தெரிந்துவிடும். மெக்கானிக்குகளுக்கென்றே செய்யப்பட்ட ஸ்டெதஸ்கோப்பும் கடைகளில் கிடைக்கிறது; விலையும் அதிகமில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சுழலும் காற்றாடிக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் திருப்புளியையோ தலையையோ கொண்டு போகக் கூடாது. தொங்கும் சட்டைக் கையும் கழுத்துத் துண்டும் அங்கே எமன்.

குழாயை வைப்பதற்கு முன்னால் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடியவர் ஓட்டுநர் ஒருவர்தான். நாளெல்லாம் அந்த என்ஜினின் மேல் உட்கார்ந்திருப்பவர் அவர். எனவே அவரை உட்கார வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்க வேண்டியவை இவை: சத்தம் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடான பிறகு வருகிறதா? நின்ற இடத்திலும் வருகிறதா, ஓடும்போது மட்டும் வருகிறதா? பாரம் இருக்கும்போது கூடுகிறதா? மேட்டில் ஏறும்போதா, இறங்கும்போதா? கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா? பிரேக் போட்டால் மாறுகிறதா? கடைசியாக, இந்தச் சத்தம் வருவதற்கு முன்னால் லோரியில் என்ன வேலை செய்தார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு ஒரு சென் கூடச் செலவில்லை. ஆனால் பாதி நோய் இங்கேயே தெரிந்துவிடும்.

டீசலின் சொந்தக் குரல்

டீசல் என்ஜினுக்கு இயல்பாகவே ஒரு தட்டும் சத்தம் உண்டு. அதைத் தெரிந்து கொள்ளாவிட்டால் நல்ல என்ஜினையும் நோயாளி என்று நினைத்து விடுவோம்.

ருடோல்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தம் என்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் என்ஜினில் இருப்பது போல இதில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்ற அளவுக்கு அமுக்குகிறார்கள். அந்த அமுக்கத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேலே சூடாகி விடுகிறது. அதில் டீசலைப் பீய்ச்சியதும் தானே பற்றிக் கொள்கிறது. 1927ஆம் ஆண்டு ராபர்ட் பாஷ் நிறுவனம் டீசல் பீய்ச்சும் பம்ப்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகுதான் இந்த என்ஜின் லோரிகளில் பரவலாக ஏறியது.

பீய்ச்சிய டீசல் உடனே பற்றாமல் கண் இமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய பகுதி தாமதித்து, அதற்குள் சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் பற்றும்போதுதான் அந்தத் தட்டும் சத்தம் பிறக்கிறது. என்ஜின் குளிர்ந்திருந்தால் தாமதம் அதிகம், சத்தமும் அதிகம். அதனால்தான் விடியற்காலையில் எல்லா டீசல் லோரிகளும் கொஞ்சம் கடகடவென்று பேசுகின்றன. சூடானதும் அடங்கிவிடும். ஆறு சிலிண்டரிலும் ஒரே மாதிரி வரும் இந்தச் சத்தம் டீசலின் சொந்தக் குரல். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் கத்தினாலோ, முன்பு இல்லாத சத்தம் திடீரென்று வந்தாலோதான் விசாரிக்க வேண்டும். இன்ஜெக்டர் நோசில் ஒட்டிக் கொண்டிருக்கலாம், டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், பம்ப்பின் டைமிங் முன்னே போயிருக்கலாம். இவையெல்லாம் என்ஜினைப் பிரிக்காமலேயே சரி செய்யக் கூடியவை.

எண்ணிப் பாருங்கள்

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். என்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் நின்ற இடத்தில் ஓடுவதாக வைத்துக் கொள்ளுங்கள். கிராங்க் ஷாஃப்ட் வினாடிக்கு 10 சுற்று. கேம் ஷாஃப்ட் வினாடிக்கு 5 சுற்று.

எனவே சத்தம் வினாடிக்கு 5 தடவை வந்தால் அது வால்வு, டேப்பட், கேம், இன்ஜெக்டர் பக்கம். விரலால் மேசையில் தட்டிப் பின்தொடர முடியும். வினாடிக்கு 10 தடவை வந்தால் அது பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் ஷாஃப்ட் பக்கம். அதை விரலால் பின்தொடர்வது கடினம். இன்றைக்கு எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. சத்தத்தைப் பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணிப் பார்க்கலாம். ஆனால் கைப்பேசி மெல்லிய 'டிக் டிக்' சத்தத்தை நன்றாகப் பிடிக்கும். அடியிலிருந்து வரும் கனத்த 'தொம் தொம்' சத்தத்தைச் சரியாகத் தராது. பதிவைக் கேட்டுவிட்டு "ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால் அதை முழுக்க நம்பிவிட வேண்டாம்.

வெளியிலிருந்து உள்ளே

தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. வெளியில் இருப்பதை முதலில் பார்க்க வேண்டும், உள்ளே இருப்பதைக் கடைசியில் பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை முதலில், செலவான சோதனை கடைசியில்.

நின்ற இடத்தில் என்ஜினை உயர்த்திப் பார்த்தும் சத்தம் வரவில்லை, ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் என்ஜினைத் தொடவே வேண்டாம். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங், யுனிவர்சல் ஜாயிண்ட், சக்கரத்து பேரிங் என்று பின்பக்கம் பாருங்கள். இதைச் சோதிப்பதற்காக இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு ஓட்டிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம் கிளட்ச்சை மிதித்தால் நின்று விடுகிறதா? கியர் பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போதுதான் வருகிறதா? கிளட்ச் ரிலீஸ் பேரிங். என்ஜினை நிறுத்தும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் 'தடால்' என்று ஒரு குலுக்கலா? என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கலாம்.

பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பது அடுத்த சோதனை. சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டரோ தண்ணீர் பம்ப்போ குற்றவாளி. தண்ணீர் பம்ப் ஓடாததால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

காலையில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் மறைந்துவிடும் சத்தம் பலரை ஏமாற்றும். டேப்பட் தளர்ந்துவிட்டது என்று சொல்வார்கள். பல வேளைகளில் அது புகைக்குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள கசிவு. இரும்பு சூடாகி விரிந்ததும் ஓட்டை அடைபட்டு விடுகிறது. அந்த இடத்தில் கறுப்புக் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு கேஸ்கெட்டோடு வேலை முடிந்தது.

டேப்பட்டே காரணம் என்றாலும் ஒரு எச்சரிக்கை. சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக அளவுக்கு மேல் இறுக்கி விடுகிறவர்கள் உண்டு. இறுக்கினால் சத்தம் போய்விடும், ஆனால் வால்வு முழுசாக மூடாது. மூடாத வால்வு சூட்டில் கருகிப் போகும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, ஃபீலர் கேஜ் தகட்டை வைத்துத்தான் விட வேண்டும். இந்நாட்டில் ஜப்பானியப் பழைய பாகங்களைக் கொண்டு மறுபடி கட்டப்பட்ட லோரிகள் நிறைய ஓடுகின்றன. அவற்றில் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் மாடல் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் என்ஜின் வேறாகவும் இருக்கலாம். எனவே என்ஜின் எண்ணைப் பார்த்து அதற்குரிய அளவைத் தேட வேண்டும்.

எண்ணெய் சொல்லும் சாட்சி

சத்தம் உண்மையிலேயே என்ஜினின் அடிவயிற்றிலிருந்து வருகிறதா என்று சந்தேகம் வந்தால், எண்ணெயிடம் கேட்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம். அந்த இடைவெளியில் நிற்கும் எண்ணெய்தான் பல டன் பாரத்தையும் இழுக்கும் சக்தியைத் தாங்குகிறது. பேரிங் தேய்ந்தால் இடைவெளி கூடும், எண்ணெய் அழுத்தம் குறையும், டொக் டொக் தொடங்கும்.

என்ஜின் சூடான பிறகு எண்ணெய் அழுத்தம் எவ்வளவு என்று அளவுமானியில் பாருங்கள். தட்டும் சத்தமும் இருந்து, அழுத்தமும் விழுந்திருந்தால், அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்திவிட வேண்டும். "கடை வரைக்கும் ஓட்டிப் போயிடலாம்" என்று நினைத்தவர்கள், பேரிங்கோடு போக வேண்டிய செலவை கிராங்க் ஷாஃப்ட் வரைக்கும், சில சமயம் என்ஜின் பிளாக் உடையும் வரைக்கும் கொண்டு போயிருக்கிறார்கள்.

அழுத்தம் நன்றாக இருந்தால் எண்ணெய் ஃபில்ட்டரைக் கழற்றி, அதன் காகித மடிப்புகளை வெட்டி விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுமினுக்கிறதா? காந்தத்தை வைத்தால் ஒட்டாத பளபளப்பான தூளா? அப்படியானால் பேரிங் கரைகிறது. எதுவும் இல்லையென்றால் உள்ளே பெரிய சேதம் இருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்து சிலிண்டர் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் சோதனை. என்ஜின் மெதுவாக ஓடும்போது ஒரு இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்தினால், அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. அப்போது சத்தம் குறைந்தால் கோளாறு அந்த சிலிண்டரில்தான். மறுபடி இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இது பழைய மெக்கானிக்கல் பம்ப் என்ஜின்களுக்கு மட்டும் உரிய சோதனை; அதையும் அனுபவமுள்ள மெக்கானிக்கே கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும். புதிய காமன் ரெயில் என்ஜினில் இப்படி நட்டைத் தளர்த்தவே கூடாது. அதன் குழாயில் இருக்கும் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே. அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய், கையையே இழக்கச் செய்யும்.

டொக் டொக்கின் முகவரி

இப்போது நம் சிமெண்டு லோரிக்குத் திரும்புவோம். சத்தம் நின்ற இடத்திலும் வருகிறது. எண்ணிப் பார்த்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் வேகத்திலேயே வருகிறது. கேட்பவர் யாரானாலும் "பிக் எண்ட் பேரிங் போச்சு, என்ஜினை இறக்கு" என்றுதான் சொல்வார். ஆனால் எண்ணெய் அழுத்தம் நன்றாக இருக்கிறது. ஃபில்ட்டரில் மினுமினுப்பு இல்லை. ஆறு சிலிண்டரையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தும் சத்தத்தில் மாற்றம் இல்லை. பெல்ட்டைக் கழற்றியும் போகவில்லை.

இந்த நேரத்தில் ஓட்டுநர் சொன்ன ஒரு வார்த்தை உதவிக்கு வருகிறது. "அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் தட்டும், அப்புறம் அடங்கிடும். பாலிக் புலாவ் இறக்கத்துல பிரேக் போட்டுப் போட்டு எறங்குனா மறுபடி தட்டும்." முதலாளி இதைக் காதில் வாங்கவில்லை. மெக்கானிக் வாங்கிக் கொண்டார்.

லோரியின் பிரேக் காற்றில் வேலை செய்வது. அந்தக் காற்றை அடைத்துத் தருவது என்ஜினின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் கம்ப்ரசர். அதுவும் ஒரு குட்டி என்ஜின் மாதிரிதான். அதற்கும் பிஸ்டன் உண்டு, கனெக்டிங் ராட் உண்டு, பேரிங் உண்டு. பல லோரிகளில் அது பெல்ட்டில் ஓடாமல் நேரே என்ஜினின் பல்சக்கரத்தில் ஓடுகிறது. அதனால் பெல்ட்டைக் கழற்றினாலும் நிற்காது. என்ஜின் வேகத்திலேயே சுழன்றால் அதன் தட்டலும் கிராங்க் ஷாஃப்ட்டின் தட்டல் போலவே கேட்கும். என்ஜின் இரும்பு முழுக்க அதைப் பரப்பிவிடும்.

ஆனால் கம்ப்ரசருக்கு ஒரு குணம் உண்டு. காற்றுத் தொட்டி நிறைந்ததும் அது சும்மா சுழலும், காற்றை அமுக்காது. அப்போது பாரம் இல்லாததால் தட்டலும் குறையும். பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றைக் குறைத்தால் மறுபடி அமுக்கத் தொடங்கும், தட்டலும் திரும்பி வரும். சமதரையில் லோரியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காற்று அளவுமானியைப் பார்த்துக்கொண்டே இதைச் சோதிக்கலாம். முள் மேலே போய் நிற்கும்போது சத்தம் அடங்கி, முள் இறங்கி மறுபடி ஏறும்போது சத்தம் வந்தால், குற்றவாளி கம்ப்ரசர்தான். திருப்புளியை அதன் மேல் வைத்துக் கேட்டால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

முழு என்ஜினைப் பிரிக்கப் போனவர்களுக்கு, ஒரு கம்ப்ரசரை மாற்றுவதோடு வேலை முடிகிறது. செலவில் எவ்வளவு வித்தியாசம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இங்கே மிச்சமானது பணம் மட்டும்தானா? சற்று யோசித்துப் பாருங்கள். "பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்று அதே லோரியைப் பாரத்தோடு மலைச்சாலைக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தட்டிக் கொண்டிருந்தது பிரேக்குக்குக் காற்றுத் தரும் கருவி. அதன் பேரிங் உடைந்தால் காற்று வருவது நின்றுவிடும். தொட்டியில் மிச்சமிருப்பது சில பிரேக்குக்குத்தான் போதும். எந்த இறக்கத்தில் அடிக்கடி பிரேக் தேவையோ, அந்த இறக்கத்தில்தான் அது தட்டியது. அதாவது எங்கே கைவிடப் போகிறதோ, அங்கேயே நின்று எச்சரித்தது. காற்று குறைந்ததற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, மணி அடித்தாலோ, ஓட்டுநர் அடுத்த வளைவு வரை பார்ப்போம் என்று நினைக்காமல் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

இதை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் இன்னொரு சாட்சியும் உண்டு. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். அமுக்கிய காற்றிலிருந்து தண்ணீர் பிரிந்து தொட்டியின் அடியில் தேங்கும். அதைத் தினமும் திறந்துவிட வேண்டும். அந்தத் தண்ணீரோடு கறுப்பு எண்ணெயும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கம்ப்ரசர் தேய்ந்து எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் பிரேக் வால்வுகளில் உள்ள ரப்பரையும் கெடுக்கும். தொட்டி நிறைய முன்பைவிட அதிக நேரம் எடுக்கிறதா என்பதையும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

தேடுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு யோசனைகள். முதலாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எண்ணெய், இன்ஜெக்டர், டேப்பட், மவுண்டிங் என்று நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, சத்தம் போனால் எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அது திரும்பி வந்தால் மறுபடி நான்கையும் மாற்ற வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்ன தேதி, என்ன சத்தம், என்ன செய்தோம், என்ன மாறியது என்று எழுதி லோரியிலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, சத்தத்தை மறைப்பதும் சத்தத்தைத் தீர்ப்பதும் ஒன்று என்று நினைத்து விடாதீர்கள். கனமான எண்ணெயை ஊற்றினால் தேய்ந்த பேரிங்கும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொள்ளும். பழைய லோரியை விற்கும் சிலருக்கு இந்தத் தந்திரம் நன்றாகத் தெரியும். அதனால் வாங்கப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி, என்ஜினைச் சூடாக்கி வைக்காமல், குளிர்ந்த நிலையில் தாங்களே ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடாகும் வரை கேட்க வேண்டும். 

கேட்கும் காது வேண்டும்

2025ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி தெலுக் இந்தான் பக்கத்தில் லோரி ஒன்று கலகத் தடுப்புப் போலீசார் சென்ற வாகனத்தில் மோதி, ஒன்பது காவலர்கள் உயிரிழந்ததை இந்த நாடு மறக்கவில்லை. கனரக வாகனங்களின் பாரத்தைப் பற்றியும் பராமரிப்பைப் பற்றியும் அதன் பிறகு நாடெங்கும் பேசினார்கள். சட்டம் வேண்டும், சோதனை வேண்டும், தண்டனை வேண்டும் என்றார்கள். எல்லாம் வேண்டியதுதான். வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனையும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு பரிசோதனைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் நடுவே நூற்றெண்பது நாட்கள் இருக்கின்றன. அந்த நூற்றெண்பது நாளும் லோரியோடு இருப்பவர் ஓட்டுநர்.

அவர் சொல்வதைக் கேட்கும் காது முதலாளிக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. போட்டி அதிகம், வாடகை குறைவு, ஒரு நாள் லோரி நின்றாலும் நஷ்டம் என்பதெல்லாம் உண்மை. ஒரு லோரி வைத்திருப்பவரின் கஷ்டம் பத்து லோரி வைத்திருப்பவருக்குத் தெரியாது. ஆனாலும், "சத்தம் வருது முதலாளி" என்று ஓட்டுநர் சொல்லும்போது "சும்மா ஓட்டுப்பா" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அவர் இரண்டாம் முறை சொல்ல மாட்டார். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயப்படுவார். வானொலியைச் சத்தமாக வைத்துக் கொண்டு ஓட்டுவார். அன்றோடு அந்த லோரி தன் மிகச் சிறந்த பரிசோதகரை இழந்துவிடுகிறது.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய லோரிகளில் கணினியைப் பொருத்தினால் கோளாறு எண் திரையில் வந்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் தேய்ந்த பேரிங்குக்கும் கிழிந்த மவுண்டிங்குக்கும் பல வேளைகளில் எண் வராது. அதைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். எழுதப் படிக்க அதிகம் தெரியாத எத்தனையோ பழைய மெக்கானிக்குகளிடம் அந்தக் காது இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெறுவதற்கு முன்னால் பக்கத்தில் நின்று, "அண்ணே, இது என்ன சத்தம்?" என்று கேட்டுக் கொள்ளுங்கள். அந்தப் பாடத்துக்குக் கல்லூரிக் கட்டணம் கிடையாது.

நாளைக் காலையில் உங்கள் லோரியை ஸ்டார்ட் செய்ததும் வானொலியைப் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் அமைதியாக நின்று கேளுங்கள். காற்று முள் ஏறும் வரைக்கும் கேளுங்கள். நேற்று இல்லாத சத்தம் ஏதாவது இருந்தால் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள், மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அந்த லோரிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டு போகும் ஒரு தகப்பனும் அதே சாலையில்தான் போகிறார்.